வாங்காதவர்களின் கடைத்தெரு

1995 அக்டோபர் 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘மால்ராட்ஸ்’, வந்த சுவடு தெரியாமல் போன படங்களில் ஒன்று. சுமார் 60 லட்சம் டாலர் செலவழித்து எடுத்த படம், உள்நாட்டு வசூலாகச் சுமார் 20 லட்சம் டாலரைத்தான் பார்த்தது. இயக்குநர் கெவின் ஸ்மித், தான் வேலை பார்த்த நியூ ஜெர்சி கடையிலேயே, கடை மூடிய பிறகு இரவு இரவாகக் கறுப்பு வெள்ளையில் ‘கிளர்க்ஸ்’ என்ற படத்தை 27,575 டாலரில் எடுத்து, ‘மால்ராட்ஸ்’ வருவதற்கு முந்தைய ஆண்டுதான் சன்டான்ஸ் விழாவில் பரிசு வாங்கி, சுயாதீன சினிமாவின் செல்லப்பிள்ளை ஆகியிருந்தார். ஸ்டுடியோ பணம் கைக்கு வந்ததும் பையன் கெட்டுப்போனான் என்று விமர்சகர்களில் பெரும்பாலோர் முடிவு கட்டினார்கள். ஸ்மித்தே ஒரு விருது விழா மேடையில் பாதி விளையாட்டாக இந்தப் படத்துக்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் தியேட்டரில் செத்த படம் வீடியோ கடைகளில் எழுந்து உட்கார்ந்தது. 2019இல் வெளியான ‘கேப்டன் மார்வெல்’ படத்தில், கதை நடக்கும் காலம் 1995 என்பதைக் காட்ட, ரயிலில் உட்கார்ந்திருக்கும் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீயின் கையில் ‘மால்ராட்ஸ்’ திரைக்கதையைக் கொடுத்தார்கள். உலகம் முழுக்க ஓடப்போகும் படத்தில் அந்தச் சிறு குறும்பு செல்லுபடியாகும் என்று நம்பினார்கள், அது செல்லுபடியாகவும் செய்தது. முதல் வெளியீட்டில் ஆளே வராத படத்துக்கு இந்த ஆயுள் எங்கிருந்து வந்தது?

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நான்கைந்து உண்டு. மால்கள் செழித்திருந்த காலத்தின் நினைவேக்கம் என்பது ஒன்று. ஸ்மித்தின் படங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதால் ஒன்றைப் பார்த்தவர் மற்றதையும் தேடிப் பார்க்கிறார் என்பது இன்னொன்று. காமிக்ஸ் வெறியர்களை முதன்முதலாகக் கதாநாயகர்களாக நடத்திய படம் என்பவர்கள் இருக்கிறார்கள். பச்சையான நகைச்சுவைக்கு எப்போதும் ஒரு கூட்டம் உண்டு, அவ்வளவுதான் விஷயம் என்று தோளைக் குலுக்குபவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இவை எதுவும் படத்தின் நடுவில் இருப்பதைத் தொடவில்லை என்பது என் எண்ணம். விற்பதற்கென்றே கட்டிய ஒரு கட்டடத்துக்குள் எதையும் வாங்காமல் நாள் முழுக்கக் கிடக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று இந்தப் படத்தின் மனிதர்கள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பைப் படம் துளியும் சந்தேகிப்பதில்லை. மக்களை இழுப்பது அதுதான். கதை இந்த வெட்டிப்பொழுதை மறந்து ஓடத் தொடங்கும் இடங்களில் படம் சரிகிறது. கதை மறந்துபோகும் இடங்களில் நிமிர்கிறது.

கதை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. டி.எஸ். க்வின்ட் என்ற கல்லூரி மாணவன் தன் காதலி பிராண்டியை ஃப்ளோரிடாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு அழைத்துப்போய் அங்கே தன் காதலைத் திருமணப் பேச்சாக்க நினைக்கிறான். அவளுடைய அப்பா மாலில் நடத்தப்போகும் ஜோடி சேர்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பெண் கடைசி நேரத்தில் இல்லாமல் போக, மகளை அங்கே உட்கார வைக்கிறார். பயணம் நின்று, பேச்சு முற்றி, காதல் முறிகிறது. அதே காலையில் அவன் நண்பன் பிரோடியை அவன் காதலி ரெனே கைகழுவுகிறாள். இருவரும் துக்கம் ஆற்ற மாலுக்குப் போகிறார்கள். இதற்குமேல் நிகழ்வதெல்லாம் அந்த மேடை நிகழ்ச்சியைக் கெடுக்கும் திட்டங்களும் காவலாளியிடமிருந்து தப்பி ஓடுவதும்தான். இந்தப் பகுதிகள் எந்த மூன்றாந்தர நகைச்சுவைப் படத்திலும் கிடைக்கும். ஒருமுறை பார்த்தவரிடம் கேட்டால் மேடை நிகழ்ச்சியின் கேள்வி பதில்கள் அநேகமாக நினைவில் இருக்காது. நினைவில் இருப்பவை வேறு. புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் பாய்மரப் படகைக் காண முடியாமல் நாள் முழுக்க ஒரு படத்தின் முன் நின்று வெறித்துப் பார்க்கும் வில்லம். வழியில் போகும் சிறுவர்களுக்குக்கூட நொடியில் தெரிந்துவிடும் படகு அவனுக்கு மட்டும் தெரியாது. எஸ்கலேட்டரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்து, பெற்றவள் எங்கே என்று பதறும் பிரோடி. பிஸ்கட் கடை ஃபுட் கோர்ட்டில் சேர்த்தியா இல்லையா என்ற வழக்கு. இவற்றில் ஒன்றைக்கூடக் கதைக்குத் தேவை என்று சொல்லிவிட முடியாது.

இதற்குச் சான்று படத்தின் இன்னொரு வடிவத்திலேயே கிடைக்கிறது. 2005இல், பத்தாண்டு நிறைவை ஒட்டி வந்த டிவிடியில், முன்னோட்டக் காட்சிகளுக்குப் பிறகு வெட்டப்பட்ட பகுதிகளைச் சேர்த்து நீண்ட பிரதி ஒன்றைத் தந்தார்கள். ஆளுநர் விருந்தில் துப்பாக்கியோடு டி.எஸ். சிக்கிக்கொள்ளும் தொடக்கமும், அதன் விளைவுகளும் அதில் உண்டு. காரண காரியம் அதில் கூடுதல். யார் ஏன் யாரைத் துரத்துகிறார்கள் என்பது தெளிவு. ஆனாலும் அந்தப் பிரதி ஈரச்சாக்காய்க் கனக்கிறது. மாலுக்குள் நுழைவதற்கே அவ்வளவு நேரமாகிறது, நுழைந்த பிறகும் சும்மா இருக்க விடுவதில்லை. கதை கூடக்கூடப் படம் மேம்படும் என்பதுதான் திரைக்கதைப் பாடம். இங்கே அது தலைகீழாக நடக்கிறது.

படம் எடுக்கப்பட்ட இடத்தைக் கவனித்தால் இந்தச் சும்மா இருத்தலின் எடை இன்னும் விளங்கும். கதை நியூ ஜெர்சியில் நடப்பதாகப் பெயர். படப்பிடிப்பு நடந்தது மினசோட்டாவில், மினியாபொலிஸ் நகரத்தின் புறநகரான ஈடன் ப்ரெய்ரியின் மாலில். பக்கத்துப் புறநகர் எடைனா. 1956 அக்டோபரில் அங்கே திறக்கப்பட்ட சவுத்டேல்தான் முழுக்கக் கூரை வேய்ந்து, குளிரும் வெயிலும் அண்டாமல் செய்த முதல் அமெரிக்க மால். இன்னொரு பக்கத்து ஊர் ப்ளூமிங்டன். 1992இல் திறக்கப்பட்ட பிரமாண்டமான மால் ஆஃப் அமெரிக்கா அங்கேதான் இருக்கிறது. ஆக, அமெரிக்க மாலின் பிறந்த வீட்டுக்கும் அதன் அரண்மனைக்கும் நடுவே கேமராவை வைத்திருக்கிறார் ஸ்மித், தெரிந்தோ தெரியாமலோ. சவுத்டேலை வடிவமைத்த விக்டர் க்ரூவன் வியன்னாவில் பிறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். காரில் கிடந்து, வீட்டுக்குள் அடைந்து, ஒருவரையொருவர் பாராமல் வாழும் புறநகர்வாசிகளுக்கு வியன்னாவின் சதுக்கங்கள் போல ஒரு நடுக்கூடம் தர வேண்டும் என்பது அவர் கனவு. கடைகளைச் சுற்றி வீடுகளும் பூங்காவும் ஏரியும் பள்ளியும் வரும் என்று திட்டம் போட்டார். வந்தவை கடைகளும் கார் நிறுத்துமிடமும்தான். பிற்காலத்தில் தன் பெயரால் நடந்ததையெல்லாம் அவரே கைகழுவிவிட்டு வியன்னாவுக்குத் திரும்பிப் போனார். க்ரூவன் கட்ட நினைத்த சதுக்கத்தில் பிரோடிக்கு இடம் இருந்திருக்கும். அவருக்குப் பிறகு வந்தவர்கள் கட்டிய மாலில் அவன் வேண்டாத ஆள்.

மாலின் உள்முரண் இதுதான். உட்கார நாற்காலி போடும், செயற்கை நீரூற்று வைக்கும், இசை ஒலிக்கவிடும், கடிகாரத்தை மறக்கச் செய்யும். மனிதர்கள் அலைய வேண்டும், அலைந்தால்தான் வாங்குவார்கள். ஆனால் அலைந்துவிட்டு வாங்காமலே போகிறவனை என்ன செய்வது? படத்தில் இதற்குப் பதில் சொல்பவன் ஷேனன் ஹாமில்டன், ஆண்கள் துணிக்கடையின் மேலாளர். பென் அஃப்லெக் அப்போது அறியப்படாத நடிகர். அந்த அலட்சியச் சிரிப்போடு அந்தப் பாத்திரத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறார். பிரோடியைத் தனியே இழுத்துப்போய் அடிக்கும்போது ஷேனன் காரணத்தையும் சொல்கிறான்: வாங்கும் எண்ணமே இல்லாமல் மாலில் சுற்றுகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. ரெனே மேல் அவனுக்கு இருக்கும் கண் வேறு விஷயம். முதலில் சொன்ன காரணம்தான் படத்தின் சாவி. அமெரிக்காவில் வாங்காமல் மாலிலேயே கிடக்கும் பிள்ளைகளைக் கேலியாக ‘மால் எலிகள்’ என்பார்கள். அந்தப் பெயரைத் தலைப்பாக்கிக்கொண்ட படம் எலிகளின் பக்கம் நிற்கிறது என்பது இந்த அடியில் உறுதியாகிறது.

படத்துக்கு வெளியே நீதிமன்றங்களும் இதே கேள்வியைத்தான் அலசிக்கொண்டிருந்தன. மால் தனியார் நிலம், அங்கே துண்டறிக்கை கொடுக்க அரசியல் சட்டம் உரிமை தரவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் சொல்லியிருந்தது. ஆனால் 1994 டிசம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், பழைய நகர வீதிகளின் இடத்தைப் பெரிய மால்கள் பிடித்துக்கொண்டன, எனவே அங்கே பொதுப் பிரச்சினைகள் குறித்த துண்டறிக்கைகளை அனுமதித்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. படத்தின் கதை நடக்கும் அதே மாநிலம், படம் வெளிவரப் பத்து மாதங்களே இருந்தன. படம் வந்து ஓராண்டில், 1996 இலையுதிர்காலத்தில், மால் ஆஃப் அமெரிக்கா எதிர்த்திசையில் ஓர் அடி வைத்தது: வெள்ளி, சனி மாலைகளில் 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றி உள்ளே இருக்கக் கூடாது. ஸ்மித் இந்த வழக்குகளைப் படித்துவிட்டுப் படமெடுக்கவில்லை. அவருக்கு அக்கறை நகைச்சுவையில்தான். இருந்தாலும் மால் யாருடையது என்று ஒரு சமூகமே தீர்மானிக்க முடியாமல் தடுமாறிய அந்த இரண்டு வருட இடைவெளியில், அது எங்களுடையது என்று கூச்சமில்லாமல் சொன்ன படம் இது. பிரோடிக்கு எந்தக் கடை எங்கே என்பது மட்டுமல்ல, எந்த மூலையில் காவலாளி வரமாட்டான் என்பதும் அத்துபடி. மாலின் உரிமையாளனைவிட அவனுக்கு அந்த இடம் நெருக்கம்.

அந்த நெருக்கம் வெளிப்படும் வழி பேச்சு. எதையும் வாங்காதவன், எதையும் விற்காதவன், தான் இருக்கும் இடத்தைப் பேசிப் பேசித்தான் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். பிஸ்கட் கடை வழக்கையே எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுக் கடைகள் கூடியிருக்கும் இடத்தின் எல்லை எது, அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் கடையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பிரோடி வாதாடும் மும்முரம் ஒரு நிலத்தகராறு வக்கீலுக்கே உரியது. சூப்பர்மேனுக்கு மனிதப் பெண்ணிடம் பிள்ளை பிறக்க முடியுமா என்ற விவாதமும் அப்படியே. அற்பமான கேள்வி, அசையாத முகம், குறையாத தர்க்கம். இந்த முரணைத் தாங்க ஒரு நடிகன் வேண்டும். ஜேசன் லீ அதுவரை ஸ்கேட்போர்டு வீரராகத்தான் பெயர் பெற்றிருந்தார். முக்கிய வேடம் என்று கிடைத்தது இதுதான். நடிப்புப் பயிற்சியின் மெருகு இல்லாததாலோ என்னவோ, ஸ்மித்தின் நீளநீளமான வாக்கியங்களை வசனமென்று எண்ணாமல், நிஜமாகவே கோபப்பட்டவன் போல் பொரிந்து தள்ளுகிறார். அவரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது, ஜெரமி லண்டனின் மங்கலான டி.எஸ்.ஸும் ஒரு துரத்தலும்தான். படம் பிழைத்ததில் பாதிப் புண்ணியம் லீயைச் சேரும்.

வெட்டிப்பயல்களைப் பற்றிய படங்கள் அந்த ஐந்தாறு வருடங்களில் வரிசையாக வந்தன. ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘ஸ்லாக்கர்’ ஆஸ்டின் நகரத் தெருக்களில் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் தாவிக்கொண்டே போனது. 1990-91இன் பொருளாதார மந்தத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களின் மனநிலையை ‘ரியாலிட்டி பைட்ஸ்’ பிடிக்க முயன்றது. ஆனால் இவற்றில் பலவற்றிலும், ‘கிளர்க்ஸ்’ உட்பட, சோம்பேறித்தனம் வேலைக்குள் ஒளிந்திருக்கும் ஒன்று. கல்லாவின் பின்னால் நிற்பவன் வாடிக்கையாளரைத் திட்டுகிறான். அவனுக்குச் சம்பளமும் உண்டு, சிறையும் உண்டு. அதற்கும் முன்னால், 1982இன் ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை’ படத்தில் மால் என்பது பிள்ளைகள் பகுதிநேரமாக வேலைபார்க்கும் இடம். 1978இல் ஜார்ஜ் ரொமேரோ ‘டான் ஆஃப் த டெட்’ படத்தில் பென்சில்வேனியாவின் மன்ரோவில் மாலுக்குள் பிணங்களை நடக்கவிட்டார். வாங்கிப் பழகிய உடல்கள் செத்த பிறகும் அங்கேயே வருகின்றன என்பது அவருடைய நையாண்டி. ‘மால்ராட்ஸ்’ இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது. அதன் நாயகர்கள் அங்கே ஊழியர்களும் இல்லை, பிணங்களும் இல்லை. மாலை வெறுக்கவும் இல்லை, அதற்கு அடிமையாகவும் இல்லை. ‘கிளர்க்ஸ்’தான் உயர்ந்த படம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதில் ஒரு மனிதனின் கசப்பு இருக்கிறது, இதில் இல்லை. ஆனால் கசப்பில்லாத ஓய்வு சினிமாவில் அதைவிட அரிது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, நினைவேக்கம். இன்று மூடிக் கிடக்கும் மால்களைப் படமெடுத்துப் பெருமூச்சு விடுவது அமெரிக்காவில் தனிக் கலையாகிவிட்டது. 2019இல் வெளியான ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ மூன்றாவது பருவத்துக்காக ஜார்ஜியாவின் நலிந்த மால் ஒன்றை 1985இன் பளபளப்புக்குத் திருப்பியது அதன் உச்சம். ‘மால்ராட்ஸ்’ வெளியாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் அமேசான் பொதுமக்களுக்குப் புத்தகம் விற்கத் தொடங்கியது என்பதை நினைத்தால் ஏக்கம் இன்னும் கூடும். ஆனால் கால வரிசை இந்த வாதத்துக்கு உதவவில்லை. படத்துக்கு ரசிகர் கூட்டம் சேர்ந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில், வீடியோ நாடாவிலும் முதல் டிவிடிகளிலும். அப்போது மால்கள் செழிப்பாகவே இருந்தன. தெருக்கோடியில் இருப்பதற்கு யாரும் ஏங்குவதில்லை. மாறாக, தியேட்டரில் தோற்று வீட்டில் வென்ற இந்த வகைப் படங்களின் பட்டியல் நீளம்: இதே தயாரிப்பாளர்களின் ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்டு’, பின்னால் வந்த ‘ஆபீஸ் ஸ்பேஸ்’. டிக்கெட் வாங்கி, நேரம் குறித்து, இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கும்போது ‘என்ன நடக்கிறது?’ என்ற கேள்வி எழும். சோபாவில் சாய்ந்து, நண்பர்களோடு, நான்காவது தடவையாகப் பார்க்கும்போது அந்தக் கேள்வியே இல்லை. படத்துக்குள் இருப்பவர்கள் செய்வதையே பார்ப்பவர்களும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

காமிக்ஸ் ரசிகர்களின் வெற்றிக்கொடி என்ற விளக்கத்துக்கு அதிக இடம் தேவையில்லை. ஸ்டான் லீ ஸ்டான் லீயாகவே வந்து பிரோடிக்குக் காதல் புத்தி சொல்லும் காட்சி அழகானது. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு போட்ட நிறுவனம் என்பதையும், பிறகு அது சினிமாவையே விழுங்கியதையும் அறிந்து பார்த்தால் தீர்க்கதரிசனம் போலவும் தோன்றும். ஆனால் இன்றைய சூப்பர்ஹீரோ ரசிகர் கலாச்சாரம் வாங்குவதில்தான் நிற்கிறது: பொம்மை, சட்டை, முன்பதிவு. பிரோடியின் அறிவு விற்பனைக்கானதல்ல, வாயாடுவதற்கானது. அவனை இந்த யுகத்தின் முன்னோடி என்பவர்கள் அவனைப் பாதிதான் பார்க்கிறார்கள்.

கனமான எதிர்வாதம் பெண்களைப் பற்றியது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பிராண்டி ஒரு பரிசுப் பொருள், மேடையில் உட்காரவைத்து யார் வெல்வார் என்று பார்க்கப்படுகிறாள். பதினைந்து வயது ட்ரிஷா, ஆண்களோடு படுத்து அதை ஆய்வு நூலாக எழுதுகிறாள் என்ற சரடு அன்றைக்கே நெருடியிருக்க வேண்டும், இன்று பார்க்கச் சகிக்கவில்லை. அவளைப் பயன்படுத்திக்கொண்டதற்காக ஷேனன் சிறைக்குப் போகிறான் என்பது படம் கண்டுகொள்ளும் நியாயம். ஆனால் அந்த ஆதாரத்தைக் கூட்டத்தின் முன் திரையில் ஓடவிட்டுச் சிரிக்க வைப்பதும் அதே படம்தான். ரெனே விஷயத்தில் மட்டும் ஸ்மித் கொஞ்சம் நேர்மையாக இருக்கிறார். ரெனேயாக நடிக்கும் ஷானன் டோஹர்ட்டி பேசும் குற்றச்சாட்டுகள் அத்தனையும் உண்மை: பிரோடி அம்மா வீட்டில் இருக்கிறான், வீடியோ கேம் ஆடுகிறான், காதலியை ஜன்னல் வழியாக உள்ளே வரவழைக்கிறான், அம்மாவுக்கு அறிமுகம்கூடச் செய்யவில்லை. வெட்டியாய் இருப்பதன் செலவை யாரோ ஒரு பெண் கட்டுகிறாள் என்பதை இந்தப் பேச்சு போட்டு உடைக்கிறது. படம் அதைக் கேட்டுவிட்டு, அவளை அவனிடமே திருப்பி அனுப்பிவிடுகிறது. என் வாதத்துக்கு இது இடிக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. படம் கொண்டாடும் ஓய்வில் பெண்களுக்குப் பங்கு மிகக் குறைவு.

இதோடு ஒட்டியது, இந்தச் சும்மா சுற்றும் சுதந்திரம் வெள்ளைப் பையன்களின் சலுகை என்ற வாதம். காவலாளி லாஃபோர்ஸ் இவர்களைத் துரத்துவது கார்ட்டூன் துரத்தல், பிடிபட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மால் ஆஃப் அமெரிக்காவின் விதி வந்தபோது, அது கறுப்பின இளைஞர்களைக் குறிவைக்கிறது என்ற விமர்சனம் எழுந்தது. நிஜ மாலில் நிஜக் காவலாளி யார் பின்னால் நடப்பான் என்பது அமெரிக்கர் எல்லோருக்கும் தெரியும், படத்துக்கு மட்டும் தெரியாது. சரியான குறைதான். ஆனால் சிலருக்கு மட்டும் கிடைக்கும் ஒன்று தவறானது என்று இதிலிருந்து பெறமுடியாது. எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் பெறமுடியும். காசு கொடுக்காமல் கூரையின் கீழ் நண்பனோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்பது வர்க்கமோ நிறமோ பார்த்து வரும் ஆசை இல்லை. படம் அந்த ஆசையைச் சரியாகக் காட்டுகிறது. அதன் எல்லைகளைக் காட்டத் தவறுகிறது.

தன் நம்பிக்கையில் கடைசிவரை நிற்கும் துணிவும் படத்துக்கு இல்லை. முடிவில் டி.எஸ். யுனிவர்சல் ஸ்டுடியோஸில் கல்யாணம் செய்துகொள்கிறான், வில்லமுக்குப் படகு தெரிந்துவிடுகிறது, மேடையில் வாயடித்துப் பெயர் வாங்கிய பிரோடி ‘டுநைட் ஷோ’வின் தொகுப்பாளன் ஆகிறான். வெட்டிப்பேச்சுக்குச் சம்பளம்! ஒரு நகைச்சுவை முத்தாய்ப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் சும்மா இருந்தவனுக்கு உலகின் மிகப் பரபரப்பான வேலைகளில் ஒன்றைக் கொடுத்தால்தான் பார்வையாளருக்குத் திருப்தி என்று யாரோ பயந்திருக்கிறார்கள். ஸ்டுடியோ பணம் படத்தைக் கெடுத்த இடம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது இதுதான், பச்சைப் பேச்சு அல்ல. இரண்டே வருடத்தில் ஸ்மித் 2,50,000 டாலரில் ‘சேஸிங் ஏமி’ எடுத்து விமர்சகர்களைத் திரும்ப வென்றார். ஜேசன் லீயும் அஃப்லெக்கும் அதிலும் உண்டு, எழுத்து இன்னும் முதிர்ந்தது. ஆனால் பத்தாவது முறை போட்டுப் பார்க்க மக்கள் எடுப்பது ‘மால்ராட்ஸ்’ஸைத்தான் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. பார்க்காதவர்கள் ‘கிளர்க்ஸ்’ஸை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். நீண்ட பிரதியை விட்டுவிடுங்கள்; தியேட்டரில் வந்த ஒன்றரை மணி நேரப் பிரதியே போதும். அதிலும் மேடை நிகழ்ச்சி தொடங்கும்போது தேநீர் போட எழுந்து போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.